முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு: வலியை மட்டும் நம்பிச் செய்யும் தவறுகள்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வலி எப்படி இருக்கு?" என்பதுதான். அவரும் நாள் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொள்வது அதைத்தான். வலித்தால் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து படுத்துவிடுகிறார். வலிக்கவில்லை என்றால் எல்லாம் ஆறிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார். முதுகெலும்பு விஷயத்தில் இந்த இரண்டு கணக்கும் அடிக்கடி தப்பாகிவிடும். தேறிவரும் காலத்தில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பெரும்பாலானவை இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை என்று தெரியும்.

முதலில், தனக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்றே சரியாகத் தெரியாமல் பலர் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறார்கள். 'முதுகுல ஆபரேஷன்' என்பது ஒரே ஆபரேஷன் இல்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது டிஸ்க்; அது பிதுங்கி நரம்பை அழுத்தும்போது அந்தத் துண்டை மட்டும் எடுப்பது ஒரு வகை. நரம்புகள் போகும் பாதை குறுகிப்போயிருந்தால், அதை அழுத்தும் எலும்பையும் தசைநாரையும் செதுக்கி இடம் உண்டாக்குவது இன்னொரு வகை. மூன்றாவது ஃபியூஷன்: இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ, கம்பி வைத்துப் பிடித்து, அவை ஒரே எலும்பாக வளர்ந்து சேரும்படி செய்வது. முதல் இரண்டு வகையில் பல பேர் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஃபியூஷனில் எலும்பு ஒன்றுசேரவே மாதங்கள் ஆகும். முழுமையாகக் கெட்டிப்பட ஒரு வருடம்கூடப் பிடிக்கலாம்.

"அதான் ஸ்க்ரூ போட்டாச்சே, இனி என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. தளம் போடும்போது கான்கிரீட் இறுகும்வரை கீழே முட்டுக் கொடுத்து வைப்பார்களே, ஸ்க்ரூவின் வேலையும் அதுதான். எலும்பு சேரும்வரை தாங்கிப் பிடிக்கும். எலும்பு சேரவே இல்லை என்றால், நாளடைவில் அந்த உலோகம் தளரலாம், உடையவும் செய்யலாம். அதனால் தெரிந்தவர் ஒருவர் பத்தே நாளில் வண்டி ஓட்டினார் என்று கேள்விப்பட்டு நாமும் கிளம்புவதற்கு முன், அவருக்கு நடந்தது எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

படுத்தே கிடப்பது

இது அன்பினால் நடக்கும் தவறு. "அசையாதே, தையல் பிரிஞ்சிடும்" என்று வீட்டார் சொல்ல, நோயாளியும் வலிக்குப் பயந்து கட்டிலோடு ஒட்டிக்கொள்கிறார். பழைய நாட்களில் மருத்துவமனைகளிலேயே இப்படித்தான் வைத்திருந்தார்கள். 1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட், குடல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைச் சீக்கிரம் சாப்பிடவைத்து, சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்தால் வேகமாகத் தேறுகிறார்கள் என்று காட்டினார். அந்த முறை மெல்ல மெல்ல மற்ற துறைகளுக்கும் பரவியது. இடுப்புப் பகுதி ஃபியூஷனுக்கென்று தனி வழிகாட்டுதலே 2021இல் வெளிவந்தது. ஆபரேஷன் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது.

படுத்தே கிடந்தால் என்ன ஆகும்? கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி கட்டும். குடல் மந்தமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகெலும்பைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் சில நாட்களிலேயே வலுவிழக்கத் தொடங்கும்; அவற்றைத் திரும்பக் கொண்டுவர வாரக்கணக்கில் பாடுபட வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் ஆபரேஷனின்போது கிழிசல் ஏற்பட்டிருந்தால், சில மருத்துவர்கள் கொஞ்ச நேரம் தட்டையாகப் படுத்திருக்கச் சொல்வார்கள். அப்படி ஏதும் சொல்லப்படவில்லை என்றால் எழுந்து நடப்பதுதான் மருந்து.

எழுந்திருக்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மல்லாந்து படுத்தபடி வயிற்றை இறுக்கி நேராக எழ முயன்றால் கண்ணில் பூச்சி பறக்கும். முழங்கால்களை மடக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி மரக்கட்டையை உருட்டுவதுபோல் பக்கவாட்டில் புரளுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கும்போதே கையை ஊன்றி உடம்பை மேலே தள்ளுங்கள். கால்கள் கீழே போகும் கனமே உடம்பை எழுப்ப உதவும். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். மருத்துவமனையை விட்டு வருவதற்குள் இதை நர்ஸ் முன்னாலேயே நாலைந்து முறை செய்து பழகிவிட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே பழகினால் இன்னும் உத்தமம்.

நடையை ஒரே மூச்சில் நடந்து தீர்க்கப் பார்க்காதீர்கள். முதல் வாரத்தில் ஐந்து ஐந்து நிமிடமாக ஒரு நாளைக்குப் பல முறை நடப்பது, ஒரேயடியாக அரை மணி நேரம் நடந்து மறுநாள் முழுக்கப் படுப்பதைவிட எவ்வளவோ மேல். உட்காருவதும் அப்படித்தான். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும். ஓய்வு என்ற பெயரில் டிவி முன்னால் சோபாவில் புதைந்து மூன்று மணி நேரம் உட்காருவது, முதுகுக்கு ஓய்வே இல்லை.

மூன்றாவது வாரத்துத் தைரியம்

என்னைக் கேட்டால், பயத்தில் படுத்திருப்பவரைவிட இந்தக் கட்டத்தில் இருப்பவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். தையல் பிரித்தாகிவிட்டது. மாதக்கணக்கில் காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுத்த வலி போயேபோய்விட்டது. மனசு லேசாகிவிடுகிறது. அப்புறம் ஒரு நாள் காலை, தரையில் இருக்கும் வாளியைக் குனிந்து தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்பி ஓரமாக வைக்கிறார். குனிதல், தூக்குதல், திருகுதல் என்ற மூன்றும் ஒரே அசைவில் சேர்ந்துவிடுகின்றன. தோல் ஆறியது வெளியே தெரிகிறது. உள்ளே டிஸ்க்கின் உறையில் இருக்கும் ஓட்டையும் ஒட்டாத எலும்பும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அங்கிருந்து வலி வராததால் அவை இருப்பதே மறந்துபோகிறது.

அதற்காக ஆறு மாதம் பொம்மைபோல் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. டிஸ்க் துண்டை மட்டும் எடுத்த 152 பேரை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 1999இல் வந்தது. மீண்டும் பிதுங்குவது அதனால் கூடியதாகத் தெரியவில்லை. பலர் சீக்கிரமே வேலைக்கும் போய்விட்டார்கள். அதன் பிறகு, இந்த வகை ஆபரேஷனுக்குக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய மருத்துவர்கள் உண்டு. ஃபியூஷனுக்கு அந்தச் சலுகையை எடுத்து ஒட்டவைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது "பார்த்து இருங்க" என்ற பொத்தாம்பொதுவான வார்த்தையோடு திரும்பாமல், எத்தனை கிலோவரை தூக்கலாம், எத்தனை வாரம் கழித்துக் குனியலாம், வண்டி எப்போது ஓட்டலாம் என்று எண்ணாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்கு ஒரு பொது விதி உண்டு: தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரையில் இருக்கும்வரை கூடாது, தயங்காமல் சட்டென்று பிரேக்கை அழுத்த முடியாதவரையும் கூடாது.

வலி மாத்திரையில் இரண்டு தவறு

"மாத்திரை உடம்புக்குக் கெடுதல்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது ஒன்று. முதல் சில நாட்களில் நேரம் தவறாமல் போட்டால்தான் மூச்சை நன்றாக இழுத்துவிட முடியும், நடக்க முடியும், தூங்க முடியும். வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரையைத் தேடினால், அதை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மற்றது, வீரியமான ஓபியாய்டு (அபின் வகை வலி நிவாரணி) மாத்திரைகளை நிறுத்த மனமில்லாமல் வாரக்கணக்கில் இழுப்பது. அவற்றைத்தான் முதலில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இதற்குள் சின்னச் சின்னக் கண்ணிகள் இருக்கின்றன. பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கூட்டு மாத்திரைகளிலும் சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளை அதிக அளவில் போட்டால் எலும்பு சேர்வது பாதிக்கப்படலாம் என்ற சந்தேகம் இருப்பதால், ஃபியூஷன் ஆனவர்கள் தாங்களாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. ஓபியாய்டு மலச்சிக்கலைக் கொண்டுவரும். ஆபரேஷன் வலியைவிட அதுதான் பெரிய வேதனை என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். முக்கினால் முதுகிலும் அழுத்தம் ஏறும். தண்ணீர், நார்ச்சத்து, நடை, தேவைப்பட்டால் மலமிளக்கி என்று முதல் நாளிலிருந்தே தொடங்கிவிட வேண்டும்.

வலிக்காமலே கெடுப்பவை

சிகரெட் குடிக்கும்போது முதுகு வலிக்காது. சர்க்கரை 300 இருக்கும்போதும் வலிக்காது. ஆனால் நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கி, புது எலும்பு வளர வேண்டிய இடத்துக்கு ரத்தம் போவதைக் குறைக்கிறது. ஃபியூஷன் சேராமல் போவது புகைப்பவர்களிடம் அதிகம். மெல்லும் புகையிலையிலும் இருப்பது அதே நிகோடின்தான். ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே விட்டு, எலும்பு சேரும்வரையாவது தொடாமல் இருக்க வேண்டும். கட்டுக்குள் வராத சர்க்கரை காயத்தில் கிருமித் தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடும். பசியில்லை என்று கஞ்சியோடு நிறுத்திக்கொள்வதும் தவறுதான். காயம் ஆற வேண்டிய நேரத்தில் புரதம் வழக்கத்தைவிட அதிகம் தேவை.

மரத்துப்போன பாதம்

வலி போய்விட்டது, கால் கட்டைவிரல் மட்டும் இன்னும் மரத்தே கிடக்கிறது. உடனே ஆபரேஷன் தோல்வி என்று முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் கால் வலிதான் முதலில் குறையும், பலம் அடுத்துத் திரும்பும், மரத்துப்போனது கடைசியில்தான் சரியாகும். அழுத்தத்தில் மட்டும் இருந்த நரம்பு சில வாரங்களில் தேறலாம். உள்ளே இழை அறுந்த நரம்போ ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நாள் அழுத்தத்தில் இருந்திருந்தால் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகத் தங்குவதும் உண்டு. இடையில் ஒரு வாரம் கால் வலி லேசாக எட்டிப் பார்க்கும். நரம்பைச் சுற்றிய வீக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் பதறிப்போய் நீங்களாக எம்ஆர்ஐ எடுக்க ஓடாதீர்கள். ஆபரேஷன் ஆன புதிதில் எடுக்கும் படத்தில் வீக்கமும் தழும்புத் திசுவும் சேர்ந்து, தேர்ந்தவர்களையே குழப்பும்.

உடற்பயிற்சியைப் பயந்து தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு தகவல். டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரத்தில் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு, எதுவும் செய்யாதவர்களைவிட வலியும் முடக்கமும் சீக்கிரம் குறைந்தன, மறு ஆபரேஷன் கூடவில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பயிற்சிக்குப் பிறகு தசை வலித்து மறுநாளுக்குள் அடங்கினால் அது சாதாரணம். காலுக்குள் இழுக்கும் வலி வந்தால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். பெல்ட் கொடுத்திருந்தால் சொன்ன காலம்வரை போடுங்கள். தைரியத்துக்காக அதற்கு மேலும் கட்டிக்கொண்டே இருந்தால் தசை சோம்பேறியாகிவிடும்.

காத்திருக்கக் கூடாதவை

கடைசித் தவறு, "காலையில பார்த்துக்கலாம்" என்பது. மலவாய், பிறப்புறுப்பு, உள்தொடைப் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமல் போய்விடுவது, கால் திடீரென்று வலுவிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் கையில் இருப்பது சில மணி நேரம்தான், உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வலி கொஞ்சமாக இருப்பதால் இவற்றை அலட்சியம் செய்துவிடுவதுதான் கொடுமை. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் ரத்தக்கட்டியை நினைக்க வேண்டும். கழுத்தில் முன்பக்கமாக ஆபரேஷன் ஆனவருக்குக் கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால் உடனே அவசர ஊர்தியைக் கூப்பிட வேண்டும். காயம் சிவந்து சீழ் வைத்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ அன்றைக்கே காட்டுங்கள். காயத்திலிருந்து தண்ணீர்போல் தெளிவாகக் கசிந்து, எழுந்து உட்கார்ந்தால் தலை வலித்து, படுத்தால் குறைந்தால், தண்டுவட நீர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். அதையும் மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, நோயாளியின் போனில் மட்டும் வைக்காமல் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.