ஸ்லாலம் ஸ்கீ: சாமான் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஒர்லாண்டோ பக்கம் தடுக்கி விழுந்தால் ஏரிதான். விடிந்தும் விடியாத நேரத்தில் அதில் ஏதாவது ஒன்றில் படகு ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் கயிற்றைப் பிடித்தபடி, ஒற்றைப் பலகையில் நின்று, தண்ணீரைச் சுவர் மாதிரி எழுப்பிக்கொண்டு ஒருவர் திரும்புவார். நாற்பதை நெருங்கும்போது அந்த ஆசை என்னையும் பிடித்துக்கொண்டது. இன்று என் கராஜில் மூன்று ஸ்கீ, அதாவது அந்தப் பலகைகள், சும்மா கிடக்கின்றன. மூன்றுமே நல்ல ஸ்கீதான், எனக்குத்தான் பொருந்தவில்லை.

ஸ்லாலம் ஸ்கீ என்ற இந்தத் தண்ணீர் விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: படகு நேர்க்கோட்டில் போகும். ஸ்கீ ஓட்டுபவர் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஆறு மிதவைகளை மாறி மாறிச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு மிதவையும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கும். நுழைவாசல் முதல் வெளிவாசல் வரை 259 மீட்டர். ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கி.மீ., பெண்களுக்கு 55. 58-ல் போனால் முழுப் பாதையும் 16 விநாடியில் முடிந்துவிடும். ஆறையும் சுற்றிவிட்டால் அடுத்த முறை வேகம் கூடும். உச்ச வேகத்தைத் தொட்டபின் கயிற்றைக் குறைப்பார்கள்: 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25 என்று இறங்கும். 11.25-க்கு வந்ததும் கணக்கைப் பாருங்கள், கயிறு மிதவையையே எட்டாது. மீதியை உடம்பை நீட்டித்தான் பிடிக்க வேண்டும். அங்கே விளையாடுகிறவர்களுக்காகச் செய்த சாமானை 18.25-லேயே தண்ணீர் குடிக்கும் நாம் வாங்குகிறோமே, மற்ற தப்பெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் ஸ்கீ. ஒல்லியான, கார்பன் ஃபைபர் போட்டி ஸ்கீயைக் கடையில் தூக்கிப் பார்த்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் அது 55, 58-ல் ஓடுவதற்காக வடிவமைத்தது. வேகம் குறையக் குறையத் தண்ணீர் பலகையைத் தூக்கிவிடும் விசையும் குறையும், பலகை ஆழமாக அமிழும், ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் போட்ட மாதிரி நிற்கும். நாமோ "கால் வலு போதவில்லை" என்று ஜிம்முக்குப் போவோம். 80 கிலோ எடையுள்ளவர் உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் ஓட்டினால் 67 அங்குல ஸ்கீ பொதுவாகச் சரியாக வரும். அதே ஆள் 45 கி.மீ.-ல் பழகுகிறார் என்றால் அதைவிட நீளமும் அகலமும் உள்ள பலகை தேவை. ஆகவே கடைக்காரர் எடையை மட்டும் கேட்டு, வேகத்தைக் கேட்காமல் ஸ்கீயை நீட்டினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். என் முதல் ஸ்கீயை விற்றவர் எடையைக்கூடக் கேட்கவில்லை, உயரத்தைத்தான் கேட்டார். நானும் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்தது ஃபின். ஸ்கீயின் வால் பக்கம் அடியில் இருக்கும் அந்த உலோகத் தகடு எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம், வால் நுனியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து வைப்பார்கள். அந்தச் சிறு மாற்றம் நிஜமாகவே காலுக்குத் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாருக்குத் தெரியும்? ஒரே மாதிரி ஆறு முறை திரும்பத் தெரிந்தவருக்கு. நம்முடைய ஒவ்வொரு திருப்பமும் ஒரு தினுசாக இருக்கும்போது, மாற்றம் ஃபின்னால் வந்ததா நம்மால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? தயாரிப்பாளர் சொன்ன அளவில் வைத்து, ஒரு சீசன் முழுக்கத் தொடாமல் விடுங்கள். அந்த அளவில் வைப்பதிலும் ஒரு பொறி உண்டு. நீளத்தை காலிப்பர் என்ற அளவுக் கருவியின் கூர்முனையால் அளந்தால் ஒரு எண், தாடைப் பகுதியால் அளந்தால் வேறொரு எண் வரும். தயாரிப்பாளர் எப்படி அளந்தார் என்று பார்க்காமல் வைத்துவிட்டு, ஸ்கீயைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

காலை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்ஸ் விஷயத்தில் பணத்தைவிடக் கணுக்கால் முக்கியம். விழும்போது ஒரு கால் கழன்று மற்றது மாட்டிக்கொண்டால் குதிகால் தசைநாணுக்கோ கணுக்காலுக்கோ கேடு. இரண்டு பூட்ஸ் போடுவதானால் இரண்டும் சேர்ந்து கழலும் அமைப்பாக இருக்க வேண்டும். முன்காலுக்கு ஒரு கம்பெனி, பின்காலுக்கு இன்னொரு கம்பெனி என்று தள்ளுபடியில் கிடைத்ததைக் கலந்து கட்டுவது மோசமான சிக்கனம். ஆரம்பத்தில் பின்காலுக்கு வார் மட்டும் உள்ள தட்டு போதும். ஆழ்தண்ணீரிலிருந்து எழுந்திருக்கவும் அதுதான் சுலபம்.

லைஃப் ஜாக்கெட்டில் போட்டிக்காரர்கள் அணியும் மெல்லிய வெஸ்ட் பார்க்க அழகாக இருக்கும். அவற்றில் பல அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஒப்புதல் பெறாதவை, மிதக்கவைக்கும் சக்தியும் குறைவு. உள்ளே லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கைப்பிடியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தடிமன் அதிகமானால் முன்கை சீக்கிரம் மரத்துவிடும். அப்புறம் கையுறையைக் குறை சொல்வோம். கைப்பிடியையும் கயிற்றையும் இணைக்கும் முக்கோண இடைவெளிக்குள் விழும்போது கை நுழைந்துவிட்டால் தோள் தப்பாது. அதை வலையாலோ தடுப்பாலோ மூடிய கைப்பிடிகள் கிடைக்கின்றன. நான் சொல்லும் சாமான்களிலேயே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றால் இது ஒன்றுதான்.

பயிற்சிக் கருவிகளுக்கு வருவோம். சமநிலைப் பலகை, ரப்பர் பட்டை, மணிக்கட்டில் கட்டும் சென்சார் என்று ஆன்லைனில் கடையே விரித்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் உதவியவை மூன்று. ஒன்று, படகில் கயிற்றைக் கட்டும் இழுவைக் கம்பத்தில் மாட்டும் கேமரா. நான் பின்னால் சாய்ந்திருக்கிறேன் என்று நினைத்த இடத்திலெல்லாம் இடுப்பை மடித்து உட்கார்ந்திருந்ததை அது காட்டிக்கொடுத்தது. இரண்டு, பழைய கைப்பிடி ஒன்றை மரத்தில் கட்டி, தரையில் நின்று சாய்ந்து பார்ப்பது, செலவே இல்லை. மூன்றாவது, மிதவைகளை நடுக்கோட்டுக்கு நெருக்கமாக வைத்த மினி கோர்ஸ். முழுப் பாதையில் இரண்டாவது மிதவையிலேயே விழுந்து எழுவதைவிட, மினி கோர்ஸில் ஆறையும் சுற்றி அந்தத் தாளம் உடம்பில் ஏறுவது பத்து மடங்கு மேல். கழற்றி மாட்டும் கோர்ஸ் வாங்க நினைப்பவர்கள், அதை அந்த ஏரியில் போட அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பொது ஏரியில் நம் இஷ்டத்துக்கு மிதவை கட்ட முடியாது.

படகில்தான் பெரிய பணம், பெரிய தப்பும் அங்கேதான். "குடும்பத்துக்கும் ஆகும், ஸ்கீக்கும் ஆகும்" என்று, அலையில் எகிறி விளையாடும் வேக்போர்டுக்கான படகை வாங்குவார்கள். அதில் எஞ்சின் பின்கோடியில் இருக்கும், பெரிய அலை எழுப்புவதற்காகவே தண்ணீர் மூட்டைகளை ஏற்றுவார்கள். அந்த அலையை ஸ்லாலம் ஸ்கீ சில விநாடிக்கு ஒருமுறை குறுக்கே வெட்ட வேண்டும்; மேட்டில் ஏறி இறங்குவது மாதிரி முட்டியைப் பதம் பார்க்கும். மேலே உயரமாக நிற்கும் டவரில் கயிற்றைக் கட்டினால் அது ஓட்டுபவரை மேல்நோக்கி இழுக்கும், ஓங்கிச் சாயும்போது படகும் ஒரு பக்கம் சரியும். ஸ்லாலத்துக்கென்றே செய்த படகில் எஞ்சின் நடுவில், இழுவைக் கம்பமும் ஏறக்குறைய நடுவில், தாழ்வாக. அடியில் உள்ள ஃபின் தகடுகள் படகை நேர்க்கோட்டில் பிடித்துவைக்கும். நாட்டிக், மாஸ்டர்கிராஃப்ட், மாலிபு மூன்றும் இந்த வகையில் பெயர் பெற்றவை. புரொப்பெல்லர் படகின் அடியில் மறைந்திருப்பது இன்னொரு நிம்மதி.

பழைய படகு வாங்குகிறவர்கள் வேகக் கட்டுப்பாட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். போட்டிகளில் ஜீரோ ஆஃப் என்ற ஜிபிஎஸ் கருவிதான் வேகத்தைப் பிடிக்கிறது. எலக்ட்ரானிக் த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உள்ள எஞ்சினில்தான் அது வேலை செய்யும். பழைய, கேபிள் த்ராட்டில் படகை மலிவாக வாங்கிவிட்டு "அப்புறம் ஜீரோ ஆஃப் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதற்கு பெர்ஃபெக்ட்பாஸ் மாதிரியான வேறு கருவியைத்தான் பொருத்த முடியும். பழக அது தாராளமாகப் போதும், ஆனால் தெரிந்து வாங்குங்கள். 1990-களுக்கு முந்தைய பல படகுகளில் தரைக்கு அடியில் மரச் சட்டங்கள் இருக்கும். மேலே பாலிஷ் பளபளக்க, உள்ளே உளுத்துப் போயிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளைத் திருகிப் பாருங்கள், பிடிக்காமல் சுற்றினால் வந்த வழியே திரும்பிவிடலாம். குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்த படகானால், எஞ்சினுக்குள் தங்கிய தண்ணீர் உறைந்து பிளாக்கில் விரிசல் விட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது உங்கள் ஸ்கீயையும் கயிற்றையும் கொண்டுபோங்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாப் படகும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் பழகும் வேகத்தில், உங்கள் கயிற்று நீளத்தில், பின்னால் நின்று நாலு தடவை அலையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மெதுவாகப் போனால் அலை பெரிதாகும் என்பதால், விற்பவர் 58-ல் ஓட்டிக் காட்டினாலும் 45-லும் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள்.