எதிர்ப்புச் சக்தியைக் கடையில் தேடாதீர்கள்

நம்ம குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இரண்டு மழையிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். உடனே பவுடர், டானிக் என்று காசைக் கொட்டுகிறோம். அதை விட்டுவிட்டு, இருக்கிற சக்தியைக் கெடுக்காமல் இருக்கப் பாருங்கள்.

முதலில் தூக்கம். ராத்திரி 6 மணி நேரம்கூடத் தூங்காதவர்களைச் சளி சீக்கிரம் பிடிக்கும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்ட இருட்டோடு எழுந்து போகிறவர்கள் ராத்திரி 11 மணி வரை டிவி முன்னால் இருந்தால் உடம்பு எப்போது தேறும்? சீக்கிரம் படுங்கள், முடியாத நாளில் மதியம் ஒரு மணி நேரமாவது கண்ணை மூடுங்கள்.

கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி எல்லாம் புரதம்தான். மரச்சீனிக் கிழங்கில் அது ரொம்பக் குறைவு, அதனால் வெறும் கிழங்கால் வயிற்றை நிரப்பாமல் சாளையோ நெத்திலியோ கூட வையுங்கள், மீன் கிடைக்காத நாளில் சிறுபயறு, முட்டை. முருங்கைக்கீரையும் கொய்யாவும் வீட்டுப் பறம்பிலேயே இருக்கிறது. பீடி, சிகரெட், சாராயம் வேண்டாம். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வைக்காமல் வேறு எது செய்தும் பெரிய பயன் இல்லை.

காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக நுழைந்துவிடும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பூட்ஸ் போடுங்கள். அப்புறம் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது ஸ்டீராய்டு மாத்திரை. என் சித்தி மூட்டுவலிக்கு என்றோ எழுதிய சீட்டைக் காட்டிக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்கினார், வலி நின்றது, ஆனால் காலில் வந்த சின்னப் புண் ஆறவே இல்லை. அந்த மாத்திரை வீக்கத்தை அடக்கும்போது எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கும். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள், அவ்வளவுதான். ரொம்ப நாள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து, டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்: தட்டம்மை ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 மாதத்துக்கு மேல் இன்னொன்று. இரண்டாவதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். விட்டுப்போயிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், இலவசமாகவே போடுவார்கள்.