ஷாம்பெயின் பாட்டிலை எத்தனை வருடம் வைக்கலாம்?

கையில் இருப்பது இத்தாலிய நுரை ஒயினான புரொசெக்கோ என்றால் யோசிக்கவே வேண்டாம், இந்த வருடமே குடித்துவிடுங்கள். அது தொட்டியில் நுரை ஏற்றிய ஒயின், புதுப் பழ வாசனைதான் அதன் அழகு. வைத்து முதிரவிடுவது, பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் ஷாம்பெயின் மாதிரி ஒயின்களுக்குத்தான்.

1. பின்பக்க லேபிளைப் பாருங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். முன்பக்கம் 2012 என்றிருந்தால் அது திராட்சை பறித்த வருடம். நொதித்து முடித்த ஈஸ்ட், வண்டலாகப் பாட்டிலிலேயே கிடக்கும்; கிடக்கும்வரை ஆக்சிஜனை உறிஞ்சி ஒயினைக் காக்கும். ஒரே வருடத் திராட்சையில் செய்த விண்டேஜ் ஷாம்பெயின், பாட்டிலில் அடைத்தபின் குறைந்தது 3 வருடம் நிலவறையில் இருந்தாக வேண்டும். பல வருட ஒயின்களைக் கலந்த சாதாரண வகைக்கு 15 மாதம். பிறகு வண்டலை வெளியேற்றி, சர்க்கரை கலந்த ஒயின் கொஞ்சம் சேர்த்து, கடைசிக் கார்க்கை அடிப்பார்கள். இந்த வேலைக்கு டிகோர்ஜ்மான் என்று பெயர். நீங்கள் எண்ண வேண்டியது பின்பக்க லேபிளில் இருக்கும் அந்தத் தேதியிலிருந்து.

க்ருக் என்ற ஷாம்பெயின் நிறுவனத்தின் பாட்டிலில் தேதிக்குப் பதில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் காலாண்டு, அடுத்த இரண்டும் வருடம். 319 என்று தொடங்கினால் 2019 ஜூலை–செப்டம்பர். தேதியே இல்லாத பாட்டிலை நீண்ட நாள் வைப்பதற்காக வாங்காதீர்கள்.

2. கணக்கு

அந்தத் தேதியிலிருந்து சாதாரண பிரூட்டுக்கு (இனிப்பு குறைந்த வகை) 2–4 வருடம், நல்ல விண்டேஜுக்கு 5–10. சர்க்கரையே சேர்க்காத பிரூட் நேச்சரை நான் அவ்வளவு நாள் நம்பமாட்டேன். காசு இருந்தால் 1.5 லிட்டர் மேக்னம் வாங்குங்கள்: கழுத்து வழியாக நுழையும் காற்று கிட்டத்தட்ட அதேதான், ஒயினோ இரண்டு மடங்கு. அதனால் மெதுவாக முதிரும்.

3. வைக்கும் இடம்

10–12 டிகிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், இருட்டில். சமையலறை ஃபிரிட்ஜ் சில வாரங்களுக்குப் போதும், வருடக்கணக்குக்கு ஆகாது. வெளிச்சம் பட்டால் ஒயினில் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும். நிறமற்ற கண்ணாடிதான் இதில் மோசம். நிறமற்ற பாட்டிலில் வரும் கிரிஸ்டால் என்ற ஷாம்பெயினின் பாட்டில்மேல் சுற்றியிருக்கும் செலோபேன் தாளை அழகுக்கு என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

4. எப்போது திறப்பது?

ஒரே டிகோர்ஜ்மான் தேதியில் மூன்று பாட்டில் வாங்குங்கள். ஒன்றை இப்போதே திறந்து எழுதி வையுங்கள். எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் முன்னால் நின்றால் மற்ற இரண்டும் காத்திருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து அடுத்தது: டோஸ்ட், ஹேசல்நட், தேன் வந்திருந்தால் மூன்றாவதை இனி இழுத்தடிக்காதீர்கள். வெட்டிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசனையும் மங்கிய பழுப்பும் வந்தால் நாள் கடந்துவிட்டது.

கழற்றிய கார்க்கையும் பாருங்கள். இளசாக இருந்தால் அடிப்பக்கம் பாவாடைபோல விரியும். பல வருடம் அழுந்திக் கிடந்தது ஆப்புபோல ஒடுங்கியே நிற்கும். இந்தப் பழைய கார்க் திருகும்போதே தலை முறிவதுண்டு. உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கலாம். பாட்டில் வாயை யார் முகத்துக்கும் நேரே காட்டாமல், துண்டால் பொத்திக்கொண்டு கார்க்ஸ்க்ரூவை மெதுவாக இறக்குங்கள்.

முதிர்ந்த ஷாம்பெயினுக்கு ஒல்லியான ஃப்ளூட் கிளாஸ் வேண்டாம், வெள்ளை ஒயின் கிளாஸ் எடுங்கள். நுரை குறைவாக இருக்கிறதே என்று உடனே கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள்.