மாதிரித் துப்பாக்கியைப் பளபளப்பாக விடுவதா, பழசாக்குவதா? கடலோரக்காரர்களுக்கு ஒரு செய்முறை

நாடகம், பள்ளிக் கண்காட்சி, சுதந்திர தின ஊர்வலம் என்று ராமநாதபுரம் பக்கம் பழங்காலத் துப்பாக்கியின் மாதிரி தேவைப்படும் இடங்கள் உண்டு. வாங்கி வந்ததும் பெரும்பாலும் யோசிக்காமலே பழசாக்கிவிடுகிறார்கள். கதை பழசு, அதனால் துப்பாக்கியும் பழசாகத் தெரியவேண்டும் என்ற நினைப்பு. ஆனால் 1795-இல் கம்பெனிப் படை ராமநாதபுரம் கோட்டைக்குள் புகுந்து மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைச் சிறைபிடித்தபோது, சிப்பாயின் கையில் இருந்தது அன்றாடம் துடைத்துத் தேய்த்த ஆயுதம். மேடையில் அந்தக் காட்சிக்குத் துருவேறிய துப்பாக்கியைக் கொடுத்தால் காலக்கணக்கே பிசகிவிடும். அதே துப்பாக்கி அரண்மனைச் சுவரில் 200 வருடம் தொங்கியதாகக் காட்ட வேண்டுமா? அப்போது பழசாக்குங்கள். நீங்கள் காட்டப்போவது எந்த நாள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் கைவேலைதான்.

தொடங்கும் முன் சட்டம். வெடிமருந்தால் சுடக்கூடிய துப்பாக்கி எதுவானாலும், குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற வகை உட்பட, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இங்கே சொல்வது குழல் அடைத்த, பற்றுத்துளை (மருந்துக்குத் தீ போகும் துளை) இல்லாத, சுடவே முடியாத காட்சி மாதிரிக்கு மட்டும். குழலைத் திறப்பது, துளை போடுவது எதையும் செய்யாதீர்கள். வெளியே எடுத்துப்போகும்போது துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் பரம்பரையாக வந்த நிஜமான பழைய துப்பாக்கி இருந்தால் அதில் உப்புத்தாளே படக்கூடாது. அதன் துரு நிறமும் தேய்மானமும் ஒருமுறை போனால் திரும்பாது.

முதல் படி: எந்தக் காலத்துத் துப்பாக்கி?

18-ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் சக்கிமுக்கித் துப்பாக்கி என்றால் குழல் வெள்ளையாக மின்னியது. செங்கல்பொடியும் எண்ணெயும் போட்டுச் சிப்பாய்கள் தேய்த்துத் தேய்த்தே அந்தப் பளபளப்பைக் காத்தார்கள். 1853-ஆம் வருட என்ஃபீல்ட் ரைபிள் வேறு. அதன் குழல் கருநீலம். விசைத்தட்டு (சுடும் பொறி பொருந்திய பக்கத் தகடு) நீலமும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். கைப்பிடிக் கட்டையின் அடித்தகடும் விசைக்காப்பும் (விசையைச் சுற்றிய வளையம்) பித்தளை. ஆக, ‘புதுசு’ என்றாலே வெள்ளிபோல மின்ன வேண்டும் என்பதில்லை. மாதிரி கருநீலத்தில் வந்திருந்து நீங்கள் காட்ட நினைப்பது 1795 என்றால், அந்த நீலத்தை எடுத்தாக வேண்டும்.

இரண்டாம் படி: கடலோரத்தில் எவ்வளவு பராமரிக்க முடியும்?

1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை அரிப்பிலிருந்து காக்க எத்தனை தடவை வண்ணம் அடிக்க வேண்டியிருந்தது என்று இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை வீடுகளில் வெள்ளையாகத் தேய்த்த இரும்பை எண்ணெய் இல்லாமல் விட்டால் சீக்கிரமே செம்புள்ளி வந்துவிடும். வாரம் ஒருமுறை துடைக்க ஆள் இருந்தால் பளபளப்பு. இல்லாவிட்டால் கருநீலமோ பழுப்போ எடுத்துக்கொள்ளுங்கள். துடைக்க ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்குப் பளபளப்பான குழலைக் கொடுக்க நான் சம்மதிக்கவே மாட்டேன்.

புதுசாக வைக்க

விசைத்தட்டையும் குழலையும் கட்டையிலிருந்து கழற்றுங்கள். 220, 400, 600 எண் உப்புத்தாளை வரிசையாக மாற்றி, குழலின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கோடு தெரியும். பஞ்சாலான கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வியர்வையிலும் உப்பு இருக்கிறது. கடைசியில் மெல்லிய எண்ணெய், அதற்கு மேல் தேன்மெழுகு. வேலை அவ்வளவுதான்.

பழசாக்க

இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். கடல்தண்ணியில் முக்கி வைத்தால் ஒரே நாளில் பழசாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உப்பு, துருவின் குழிகளுக்குள் தங்கிவிடும். மேலே எண்ணெய் பூசினாலும் அடியிலிருந்து துரு கிளம்பிக்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது நிறுத்தக்கூடிய துரு.

சலவைச் சோடா கலந்த சுடுநீரில் எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். பிறகு வினிகரைத் துணியில் தொட்டுப் பூசினால் பழைய நீலப்பூச்சு கரைய ஆரம்பிக்கும். இதற்கு ப்ளீச்சிங் திரவம் வேண்டாம். அதில் குளோரின் இருக்கிறது, துருவைக் கிளறும். வினிகரோடு அது கலந்தால் விஷவாயு கிளம்பும். இரும்பு வெளிறியதும் கழுவி, மறுபடி லேசாக வினிகர் தொட்டு, ஈரக்கசிவான அறையில் ஒரு இரவு விடுங்கள். காலையில் மெல்லிய செந்துரு படிந்திருக்கும்.

அடுத்தது கடுக்காய். நாட்டுமருந்துக் கடையில் வாங்கி, கொட்டை நீக்கி, தட்டி, தண்ணீரில் கொதிக்கவைத்து இறக்குங்கள். இந்தத் தண்ணீர் முக்கியம். நம் ஊர்களில் பல கிணறுகளில் உவர்நீர்தான், அதைத் தவிர்த்து பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை எடுங்கள். சூடான கடுக்காய்ச் சாற்றில் துணிப்பட்டையை நனைத்துக் குழலைச் சுற்றிவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். செம்மை அடங்கிக் கருநீலம் ஏறியிருக்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்து கருப்பாக மாறுகிறது, அந்தக் கருப்பு இரும்பின்மேல் ஒட்டி நிற்கிறது. மெல்லிய இரும்பு நாரால் தூசியைத் தட்டி எடுத்து, பிடித்த நிறம் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசியாக ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் பூசுங்கள்.

இப்போது கை பட்ட இடங்கள். நிஜத் துப்பாக்கி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கட்டையில் கை பிடிக்கிற மெல்லிய இடுப்பு, கன்னம் படும் பக்கம், தரையில் ஊன்றும் அடிமுனை, இவை வழுவழுப்பாக வெளிறியிருக்கும். விசைத்தட்டைச் சுற்றியுள்ள இடுக்கில் எண்ணெயும் அழுக்கும் கருத்துப்போயிருக்கும். பற்றவைக்கும் மருந்தைப் போடும் தட்டருகே குழலின் பக்கம் மட்டும் இன்னும் கருமை. இந்த இடங்களை மட்டும் உப்புத்தாளால் மெதுவாகத் தொடுங்கள். சங்கிலியால் அடித்துப் பள்ளம் போட்டால் கண்காட்சிக்கு வருகிறவர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

பித்தளைக்குப் புளி போதும். புதுசுக்கு முழுதாகத் தேயுங்கள். பழசுக்கு நடுவில் மட்டும் தேய்த்து, ஓரத்தையும் திருகுத்தலையையும் கருப்பாக விடுங்கள்.

கட்டைக்கு லின்சீட் ஆயில் மெல்லியதாகத் தடவி, ஒரு கோட் காய்ந்த பிறகே அடுத்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

கழற்றிய பாகங்களைத் திரும்பப் பூட்டும் முன், கட்டையில் குழல் உட்காரும் பள்ளத்தில் ‘மாதிரி’ என்றும் வருடத்தையும் கீறிவைக்க வேண்டும். நன்றாகப் பழசாக்கிய பொருளை நாளைக்கு யாராவது நிஜப் பழம்பொருள் என்று விற்க முடியாதபடி செய்வது பழசாக்கியவர் பொறுப்பு.

தொங்கவிடும்போது கடலைப் பார்த்த சன்னல் பக்கம் வேண்டாம். தோலுறையும் பிளாஸ்டிக் உறையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பஞ்சுத் துணி போதும். சுவருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் காற்றுப் போக இரண்டு மரத்துண்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை, மற்ற மாதங்களில் மாதம் இருமுறை எண்ணெய்த் துணி. வெள்ளைக் குழலுக்கு வருடம் முழுக்க வாரம் ஒருமுறை.