வைக்கிங், சாக்சன் காலக் கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொம்பு வைத்த தலைக்கவசத்தை, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழிக் கொள்ளைக்குப் போன வைக்கிங்குகள் அணிந்ததில்லை என்பது இன்று பலருக்கும் தெரிந்த செய்தி. 1876-இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகம் அரங்கேறியபோது, உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் சில பாத்திரங்களின் தலையில் கொம்பு வைத்தார். அந்த உருவம் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. டென்மார்க்கின் வெக்ஸோவில் கிடைத்த உண்மையான கொம்புக் கவசங்கள், வைக்கிங் காலத்துக்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் முற்பட்ட வெண்கலக் காலத்தைச் சேர்ந்தவை. நார்வேயின் யெர்முண்ட்பூவில் 1943-இல் கண்டெடுக்கப்பட்ட வைக்கிங் கால இரும்புக் கவசத்தில், மூக்குக்கண்ணாடிச் சட்டம்போலக் கண்களைச் சுற்றி ஒரு காப்பு இருக்கிறது, கொம்பு இல்லை.

இத்தகைய பொருட்பிழைகளைத் திருத்துவது எளிது. உருளைக்கிழங்கும் தக்காளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை ஆதலால், இன்றைய இங்கிலாந்து மண்ணில் வாழ்ந்த ஒன்பதாம் நூற்றாண்டுச் சாக்சன் ஒருவனின் வீட்டு அடுப்பில் அவை வேக முடியாது. அவற்றை எடுத்துவிட்டுப் பார்லியையும் அவரை வகைகளையும் வெங்காயத்தையும் போட்டுவிட்டால் அந்தப் பக்கம் சரியாகிவிடும். கதையை உள்ளிருந்து அரிப்பவை வேறு. பாத்திரங்களின் தலைக்குள் நாம் கொண்டுபோய் வைக்கும் பிற்காலத்து எல்லைகளும், பிற்காலத்துச் சொற்களும், முடிவு தெரிந்தவர்களின் நிதானமும்தான் அவை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

முதலாவது, ‘இங்கிலாந்து’ என்னும் நாட்டை அது தோன்றுவதற்கு முன்பே கதைக்குள் கொண்டுவந்துவிடுவது. நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகப் பழைய ஆங்கிலத்தில் பதிந்த ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பேடு ‘பெரும் படை’ என்று சொல்லும் டேனியர் கூட்டம் 865-இல் கரையிறங்கியபோது, அந்த மண்ணில் வெசெக்ஸ், மெர்சியா, நார்தம்பிரியா, கிழக்கு ஆங்கிலியா எனத் தனித்தனி அரசுகள் இருந்தன. அவை ஒன்றோடொன்று தலைமுறை தலைமுறையாகப் போரிட்டவை. வெசெக்ஸில் மன்னனுக்குப் பணி செய்த ‘தெய்ன்’ ஒருவன் யார்க் நகரம் 866-இல் வீழ்ந்த செய்தியைக் கேட்டு ‘நம் தாய்நாடு பறிபோகிறதே’ என்று கண்ணீர் விட்டால், அந்தக் கண்ணீர் அவனுடையது அன்று, ஆசிரியருடையது. அவனுக்கு அது அயல்நாட்டுச் செய்தி. அடுத்த முறை கப்பல்கள் நம் ஆற்றுக்குள் வருமோ என்பதே அவன் அச்சமாக இருந்திருக்கும். டேனியரை எதிர்த்து நின்ற வெசெக்ஸ் மன்னன் ஆல்ஃபிரெடின் பேரன் ஏதெல்ஸ்டன் 927-இல் நார்தம்பிரியாவையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த பிறகுதான் அந்த நிலங்கள் யாவும் முதன்முறையாக ஒரே மன்னனின் கீழ் வந்தன.

எதிர்த் தரப்புக்கும் இது பொருந்தும். ‘வைக்கிங்’ என்பது ஓர் இனத்தின் பெயரன்று. கடல்வழிக் கொள்ளைக்குப் போவதையும் அப்படிப் போகிறவனையும் குறித்த சொல். அறுவடைக் காலத்தில் வயலில் நிற்கும் உழவன் ஒருவன், ஒரு கோடைப் பருவத்துக்கு மட்டும் வைக்கிங்காகப் போய்த் திரும்பியிருக்கலாம். சாக்சன்கள் அவர்களை டேனியர் என்றும் புறச்சமயத்தார் என்றும் ‘படை’ என்றுமே பெரும்பாலும் குறிப்பிட்டார்கள். பாத்திரங்களின் வாயில் ‘வைக்கிங்’ என்னும் சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் வைக்கும்போது, இன்றைய அருங்காட்சியக வழிகாட்டியின் குரல்தான் கேட்கிறது. டேனியர் ஆண்ட வட்டாரத்தைக் குறிக்கும் ‘டேன்லா’ என்ற சொல்லும் அப்படித்தான்: பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சட்டங்களில்தான் அது தலைகாட்டுகிறது. ஆல்ஃபிரெட் அதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

இரு தரப்பையும் சுவர் எழுப்பிப் பிரித்துவிடுவதும் இதன் தொடர்ச்சியே. ஆல்ஃபிரெடின் அண்ணன் மகன் ஏதெல்வோல்ட், 899-இல் சிற்றப்பன் இறந்ததும் அரியணைக்கு உரிமை கோரினான். கிடைக்காமல் போகவே நார்தம்பிரியாவின் டேனியரிடம் போய்ச் சேர்ந்தான். பின்னர் டேனியர் படையோடு வந்து தன் சொந்தக் குடும்பத்தை எதிர்த்துப் போரிட்டு மாண்டான். வெசெக்ஸ் அரச குலத்தில் பிறந்த ஒருவன் டேனியர் அணியில் நின்று விழுந்தான் என்ற ஒரே செய்தி, ‘நாம், அவர்கள்’ என்று எழுதப்பட்ட எத்தனையோ கதைகளைக் கலைத்துப்போடப் போதுமானது. மொழியும் அவர்களை முழுவதுமாகப் பிரிக்கவில்லை. டேனியர் பேசிய பழைய நார்ஸும் சாக்சன்கள் பேசிய பழைய ஆங்கிலமும் உறவு மொழிகள்; சந்தையில் பேரம் பேசும் அளவுக்கேனும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டியிருக்கும் என்று கொள்ள இடமுண்டு. ஆகவே காட்சிக்குக் காட்சி மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை. தடுமாற்றமும் தவறாகப் புரிந்துகொள்வதுமே போதும்.

எண்ணிக்கையில் நம் எழுத்தாளர்கள் மிகவும் தாராளமானவர்கள். கடல்போன்ற சேனை, லட்சம் வீரர்கள், அடிவானம் வரை பாய்மரங்கள் என்று எழுதும்போது கை தானாக ஓடுகிறது. ஆனால் 688 முதல் 726 வரை வெசெக்ஸை ஆண்ட ஈனி மன்னனின் சட்டம் என்ன சொல்கிறது? ஏழு பேர் வரை வந்தால் திருடர். ஏழிலிருந்து முப்பத்தைந்து வரை கும்பல். அதற்கு மேல் போனால் படை. முப்பத்தாறு பேர் வந்தாலே அது சட்டத்தின் கண்ணில் படைதான். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்: விடியற்காலையில் ஆற்று வளைவில் மூன்று கப்பல்கள் தெரிகின்றன என்ற ஒரு வரியே ஓர் ஊரை நடுங்கவைக்கும். லட்சத்தை எழுதிவிட்டவர் அந்த நடுக்கத்தை இழந்துவிடுகிறார்.

‘பெரும் படை’யும் வாளேந்திய ஆண்களின் அணிவகுப்பு மட்டுமன்று. 872-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை அவர்கள் கழித்த டார்க்ஸி முகாம் ஏறத்தாழ 55 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருந்தது. அங்கே ஈயத்தில் செய்த விளையாட்டுக் காய்கள், நூல் நூற்கவும் துணி தைக்கவும் பயன்பட்ட கருவிகள், எடைக்கற்கள், அரபு வெள்ளிக் காசுகளின் துண்டுகள் ஆகியவை கிடைத்துள்ளன. பெண்களும் கைவினைஞர்களும் வணிகர்களும் சேர்ந்த, இடம்பெயரும் ஓர் ஊர் அது.

அங்கே ஒரு விலை கொடுக்கும் காட்சியை எழுத வேண்டுமானால், பொன் நாணயங்கள் நிறைந்த பையை மேசையில் எறிய வேண்டாம். டேனிய வணிகன் சிறிய வெண்கலத் தராசு ஒன்றை எடுக்கிறான். ஒரு தட்டில் எடைக்கல். மற்றொரு தட்டில் வளையலிலிருந்து வெட்டிய துண்டு, பாக்தாதின் கலீபா ஆட்சிப் பரப்பில் அச்சான திர்ஹம் என்னும் வெள்ளிக் காசின் கால்பங்கு, உருக்கி வார்த்த பாளத்தின் ஒரு நறுக்கு. வெள்ளி தூயதா, உள்ளே ஈயமா என்று கத்தி முனையால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுப் பார்க்கிறான். 1840-இல் லங்காஷயரின் கியூர்டேலில் கிடைத்த, ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள வெள்ளிப் புதையல் இப்படி வெட்டிய துண்டுகளும் காசுகளும் கலந்ததுதான். சாக்சன் பக்கத்திலோ வெள்ளிப் பென்னிதான் கையில் புழங்கிய காசு. ‘ஷில்லிங்’ என்பது கணக்குக்கான அலகே தவிர அப்போது அச்சான நாணயம் அன்று. வெசெக்ஸில் அது ஐந்து பென்னிக்குச் சமம். சாதாரண சுதந்திர உழவனைக் கொன்றால் 200 ஷில்லிங், உயர்குடியினனைக் கொன்றால் 1,200 ஷில்லிங் என்று ஒவ்வோர் உயிருக்கும் விலை விதித்த சட்டம் அந்தக் கணக்கில்தான் நடந்தது.

தமிழில் சரித்திரக் கதை படித்து வளர்ந்த நமக்கென்றே ஒரு தவறு உண்டு: ‘மன்னன்’ என்று எழுதிய உடனே மாடமாளிகையும் நந்தவனமும் சுரங்க வழியும் கூடவே வந்துவிடும். ஒன்பதாம் நூற்றாண்டுச் சாக்சன் மன்னனுக்குக் கற்கோட்டை கிடையாது. மரத்தூண்கள் தாங்கிய நீண்ட கூடம், நடுவில் தரையிலேயே எரியும் அடுப்பு, புகைபோக்கி இல்லாததால் கூரையின் இடுக்குகள் வழியாக மெல்ல வெளியேறும் புகை. அந்தப் புகையின் நெடி எல்லாருடைய ஆடையிலும் இருக்கும். ஒரே தலைநகரில் அமர்ந்து ஆள்வதும் அவனுக்கு வழக்கமில்லை. ஒரு பண்ணையில் சேர்ந்த உணவு தீர்ந்ததும் அடுத்த அரசப் பண்ணைக்குப் பரிவாரத்தோடு போவான்.

இது வெறும் பின்னணி விவரம் அன்று. கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. 878 ஜனவரியில், கிறிஸ்துமஸ் விழா நாட்கள் முடிந்த கையோடு டேனியர் தலைவன் குத்ரமின் படை சிப்பன்ஹாமைத் திடீரெனக் கைப்பற்றியது. அது ஓர் அரசப் பண்ணை. குளிர்காலத்தில், திருவிழாக் காலத்தில் யாரும் போருக்கு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையையே டேனியர் ஆயுதமாக்கினார்கள். அதன்பின் ஆல்ஃபிரெட் சிறு கூட்டத்தோடு சோமர்செட்டின் சதுப்பு நிலங்களில் அலைந்தான்; ஈஸ்டர் சமயத்தில் அதெல்னியில் காப்பரண் அமைத்தான்; ஈஸ்டருக்குப் பின் ஏழாவது வாரத்தில் எக்பர்ட்டின் கல் என்னும் இடத்துக்குப் போய்ப் படை திரட்டி, எடிங்டனில் வென்றான். இந்தக் கதையைத் தலைநகர முற்றுகையாக மாற்றி எழுதினால் பனியும் சேறும் பசியும் போய்விடும். காலம் விழாக்களால் அளக்கப்பட்டதையும் கவனியுங்கள்: ‘மே மாதம் இரண்டாம் வாரம்’ என்று எந்தப் பாத்திரமும் சொல்லாது. இன்னொன்று: எடிங்டனுக்கு முன்னால் தான் வெல்வோம் என்று ஆல்ஃபிரெடுக்குத் தெரியாது. நான்காண்டுகளுக்கு முன்புதான் மெர்சியாவின் மன்னன் பர்கிரெட் நாட்டைவிட்டு ரோமுக்குப் போய்விட்டான். அந்த வழி ஆல்ஃபிரெடுக்கும் திறந்தே இருந்தது.

சமயத்தை எழுதுவதில் இன்று ஒரு வாய்பாடு நிலைத்துவிட்டது: துறவிகள் கோழைகள், டேனியர் கட்டற்ற மனிதர்கள், நாயகனோ எதையும் நம்பாதவன். இதை நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். அன்றைய மனிதனுக்குச் சத்தியம் என்பது சட்டத்தின் முதுகெலும்பு. வழக்கு மன்றத்தில் ஒருவனுக்காகச் சத்தியம் செய்ய எத்தனை பேர் முன்வருகிறார்கள் என்பதே அவன் தலைவிதியைத் தீர்மானித்தது. 876-இல் டேனியர் ஆல்ஃபிரெடிடம் தங்கள் புனித வளையத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டு, இரவோடு இரவாக எக்ஸிட்டருக்கு நழுவினார்கள். இதை வெறும் தந்திரமாக எழுதுவது குறைவு. அந்த வளையத்தின் மேல் கைவைத்தவர்களில் ஒருவனுக்காவது அன்றிரவு தூக்கம் வந்திருக்காது என்று எண்ணிப் பார்க்கும் எழுத்தாளரிடம்தான் கதை இருக்கிறது.

அடிமைகளைக் கதையிலிருந்து துடைத்துவிடுவதும் பரவலான பிழை. இரு தரப்பிலும் அடிமைகள் இருந்தார்கள். நாயகனின் நல்ல வீட்டிலும் இருந்திருப்பார்கள். ஆல்ஃபிரெடின் சட்டம் சுதந்திர மனிதர்களுக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் 12 நாட்களும், ஈஸ்டருக்கு முன்னும் பின்னும் எவ்வேழு நாட்களும் எனப் பல விடுமுறைகளை வழங்கிவிட்டு, அடிமைகளுக்கு ஆண்டில் நான்கு புதன்கிழமைகளைத் தருகிறது. இறைவன் பெயரால் பிறர் கொடுத்ததையும், கிடைத்த ஓய்வில் தாம் ஈட்டியதையும் அன்று விற்றுக்கொள்ளலாம். அந்தப் புதன்கிழமைக்காகக் காத்திருக்கும் ஒருத்தியை எழுதியவர்கள் மிகச் சிலரே.

பெண்களைப் பொறுத்தவரை இரு பக்கமும் சறுக்கல் உண்டு. எல்லாரையும் வாள் சுழற்றும் வீராங்கனைகளாக்குவது ஒன்று. கணவனுக்காகக் காத்திருக்கும் நிழல்களாக்குவது மற்றொன்று. சுவீடனின் பிர்காவில் ஆயுதங்களோடும் இரண்டு குதிரைகளோடும் புதைக்கப்பட்டிருந்தவர் பெண் என்று 2017-இல் மரபணு ஆய்வு காட்டியது. அந்த ஒரு கல்லறையிலிருந்து ஒரு முழுப் படையை உருவாக்க முடியாது. மறுபுறம், ஆல்ஃபிரெடின் மகள் ஏதெல்ஃப்ளெட் மெர்சியாவின் தலைவியாக அரண் நகரங்களைக் கட்டி, 917-இல் டார்பியைக் கைப்பற்றி, 918-இல் டாம்வொர்த்தில் இறந்தாள். அவள் வாளெடுத்துப் போரிட்டதாகக் காட்டத் தேவையே இல்லை. எந்த ஆற்றுத்துறையில் எந்த அரணை எப்போது எழுப்புவது என்று முடிவுசெய்யும் அவள் மனமே கதைக்குப் போதும்.

கடைசியாக, தமிழ் எழுத்தாளரை நிச்சயம் இழுக்கும் ஒரு வரி. ஆண்டுக்குறிப்பேட்டின் சில கையெழுத்துப் படிகளில் 883-ஆம் ஆண்டின் கீழ், லண்டனில் எதிரிப் படையின் முன் இருந்தபோது ஆல்ஃபிரெட் நேர்ந்துகொண்ட காணிக்கையை சீகெல்ம், ஏதெல்ஸ்டன் (முன்பு சொன்ன மன்னன் அல்லன்) என்ற இருவர் ரோமுக்கும், இந்தியாவில் உள்ள புனித தோமாவுக்கும் பர்த்தலோமேயுவுக்கும் எடுத்துச் சென்றதாக எழுதியிருக்கிறது. தோமா என்றதும் நமக்கு மயிலாப்பூர் நினைவுக்கு வரும். உடனே சீகெல்மைச் சோழமண்டலக் கரையில் இறக்கிவிடக் கை துடிக்கும். ஆனால் மிகப் பழைய படியில் இந்தச் செய்தியே இல்லை. வேறு படிகளில் ‘இந்தியா’ என்ற இடத்தில் ‘யூதேயா’ என்று படிக்கும்படியான எழுத்து இருக்கிறது. ஆகவே மயிலாப்பூர்க் காட்சியை வரலாறு என்று முன்னுரையில் எழுதாதீர்கள். வேண்டுமானால் புகை சூழ்ந்த அந்தக் கூடத்தில், வெள்ளிப் பென்னிகள் நிறைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று பாதிரியாரிடம் கேட்கும் சீகெல்மை எழுதுங்கள்.