ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் சப்ஸ்ட்ரேட்: படலம் வளர்க்கும் முன்

சப்ஸ்ட்ரேட் என்பது மேலே மெல்லிய படலம் வளர்க்கும் அடித்தளப் படிகம். புதுப் படிகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதை நம்ப வேண்டாம். மேல்பரப்பான (001) முகத்தில் ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு அடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு அடுக்கும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது டைட்டானியம் முகம் மட்டும், அதாவது மேலே முழுக்க டைட்டானியம் டை ஆக்சைடு அடுக்கு. மேலே லாந்தனம் அலுமினேட் படலம் வளர்த்தால், அந்த முகத்தில் இரண்டும் சந்திக்கும் இடைமுகம் மின்சாரம் கடத்தும். ஸ்ட்ரான்சியம் முகத்தில் கடத்தாது. 2004-இல் ஓட்டோமோவும் ஹ்வாங்கும் காட்டியது இது.

1. அல்ட்ராசோனிக் தொட்டியில் அசிட்டோனில் 10 நிமிடம், ஐசோபுரொப்பனாலில் 10 நிமிடம். மெருகிட்ட பக்கம் மேலே இருக்கட்டும். இடுக்கியால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

2. அயனி நீக்கிய நீரில் 10 முதல் 30 நிமிடம், இதுவும் அல்ட்ராசோனிக்கில். வெறும் தண்ணீர்தானே என்று பலர் தாவிவிடும் படி இது. உண்மையில் முக்கால்வாசி வேலை இங்கேதான் நடக்கிறது: ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாகிறது, அது அமிலத்தில் சட்டென்று கரையும். டைட்டானியம் அடுக்கை நீர் தொடாது.

3. பஃபர் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் உப்பு) சேர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 30 நொடி. நீரில் ஊறாத படிகத்துக்கு இந்த நேரம் போதாது. நேரத்தைக் கூட்டினாலோ பள்ளம் விழும். பீக்கர், கூடை, இடுக்கி எல்லாம் டெஃப்லானில் இருக்க வேண்டும், இந்த அமிலம் கண்ணாடியைத் தின்னும். தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கும். ஆகவே ஃபியூம் ஹூட், தகுந்த கையுறை, முகக்கவசம், கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல். தனியாகச் செய்யவே கூடாது. பட்டுவிட்டால் நீரில் கழுவி, ஜெல் தடவி, உடனே மருத்துவரிடம் போகவும்.

4. மூன்று பீக்கர் நீரில் மாற்றி மாற்றி அலசி, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். சொட்டு தானாகக் காய்ந்தால் கறை விழும்.

5. சுத்தமான அலுமினா படகில் வைத்து, ஆக்சிஜன் ஓட்டத்தில் 950 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம். சூட்டையோ நேரத்தையோ ரொம்பக் கூட்டினால் உள்ளிருக்கும் ஸ்ட்ரான்சியம் மேலே வந்து, செய்ததெல்லாம் வீண்.

கடைசியில் அணுவிசை நுண்ணோக்கியில் (நுண்முனையால் பரப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் கருவி) பாருங்கள். பரப்பு படிக்கட்டு மாதிரி தெரியும். படி உயரம் 0.39 நானோமீட்டர் இருக்க வேண்டும். வெட்டுச் சாய்வு (படிகத்தை வெட்டிய பரப்பு அணு அடுக்கிலிருந்து விலகும் கோணம்) 0.1 டிகிரி என்றால் தளம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 நானோமீட்டர் அகலம். 0.2 நானோமீட்டர் படி தெரிந்தால் இரண்டு முகமும் கலந்திருக்கிறது, மேலே எண் 2-இல் சொன்ன வேலையிலிருந்து மறுபடி. படிகளின் விளிம்பு ரம்பப் பல்லாக இருந்தால் உலையில் இன்னும் கொஞ்சம் வைக்கலாம். குழிகள் தெரிந்தால் அமிலத்தில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. அந்தத் துண்டை உலையின் சூட்டைச் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.