‘மகிழ்வி’ என்பதற்கு எதிர்ச்சொல்: பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒருவரை மகிழ்விப்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் பலரும் ‘வருத்தப்படுத்து’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தேர்வுத்தாளுக்கு அது போதும். கதையோ கடிதமோ எழுத உட்காரும்போது போதாது. சீண்டுவதும் எதிர்ச்சொல்தான், நோகடிப்பதும் எதிர்ச்சொல்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் நொண்டும். எழுதத் தொடங்குகிறவர்கள் சரியான சொல்லை எடுப்பதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ‘இல்லை’ வேறு, ‘எதிர்’ வேறு

‘அந்தப் பரிசு அவரை மகிழ்விக்கவில்லை’ என்றால் மகிழ்ச்சி வரவில்லை, அவ்வளவுதான். அவர் கோபப்பட்டாரா, சும்மா இருந்தாரா என்பது அதில் இல்லை. ‘அந்தப் பரிசு அவரை அவமதித்தது’ என்றால் கதையே வேறு. முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்: நீங்கள் சொல்ல வருவது வெறும் இன்மையா, அல்லது எதிர்த்திசையில் ஏதாவது நடந்ததா? இன்மை என்றால் எதிர்ச்சொல்லைத் தேடவே வேண்டாம், எதிர்மறை வினை போதும்.

பழந்தமிழில் ‘இனிய’ என்பதற்கு எதிரே நிற்கும் சொல் ‘இன்னா’. பதினெண்கீழ்க்கணக்கில் ‘இனியவை நாற்பது’, ‘இன்னா நாற்பது’ என்று இரண்டு நூல்கள் எதிரெதிராகவே இருக்கின்றன. ‘இன்னா’ என்பது ‘இனிமை இல்லை’ என்பதோடு நிற்காமல் துன்பம் தருவதையே குறிக்கும். திருக்குறளின் 32-ஆம் அதிகாரம் ‘இன்னா செய்யாமை’. அதற்கு முன்னால் ‘வெகுளாமை’, பின்னால் ‘கொல்லாமை’. கோபத்துக்கும் கொலைக்கும் நடுவே அதை வைத்திருப்பதைப் பார்த்தாலே அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

படி 2: எதிராளியிடம் என்ன மிஞ்சியது?

சொல்லைத் தேடுவதற்கு முன், பாதிக்கப்பட்டவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். கோபமா? சினமூட்டு, கோபப்படுத்து, சீண்டு. வலியா? புண்படுத்து, நோகடி. சலிப்பா? எரிச்சலூட்டு, நச்சரி. கூச்சமா? நெளிய வை, முகம் சுளிக்க வை. தன்மதிப்பு குறைந்ததா? அவமதி, சிறுமைப்படுத்து. எதிர்பார்ப்பு பொய்த்ததா? ஏமாற்றமளி.

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் எல்லா இடத்திலும் ‘வெறுப்பேற்று’ என்று எழுதுகிறார்கள். பேச்சில் ‘சும்மா வெறுப்பேத்தாதே’ என்பது பாதி விளையாட்டு. அதையே எழுத்தில் ‘வெறுப்பூட்டினான்’ என்று மாற்றினால் விளையாட்டு போய்விடும், நிஜமான வெறுப்பு வந்து உட்கார்ந்துவிடும். ‘கடுப்பேத்து’ என்பதும் அப்படித்தான். உரையாடலில் வரட்டும், விவரணையில் வேண்டாம்.

படி 3: மூன்று சோதனைகள்

கையில் இரண்டு மூன்று சொற்கள் மிஞ்சியிருக்கும். அவற்றை இப்படி உரசிப் பாருங்கள்.

முதல் சோதனை, சொல்லுக்கு முன்னால் ‘தெரியாமல்’ என்று போடுவது. ‘தெரியாமல் புண்படுத்திவிட்டான்’ இயல்பாக இருக்கிறது. ‘தெரியாமல் சீண்டிவிட்டான்’ இடிக்கிறது, ஏனென்றால் சீண்டுவதற்குள்ளேயே வேண்டுமென்றே செய்வது அடங்கியிருக்கிறது. உங்கள் பாத்திரம் அப்பாவி என்றால் ‘சீண்டினான்’ என்ற ஒரே சொல் அவனைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

இரண்டாவது, ‘ஒரே ஒரு முறை’ என்று சேர்த்துப் பார்ப்பது. ‘ஒரே ஒரு முறை அவமதித்தார்’ சரி. ‘ஒரே ஒரு முறை நச்சரித்தார்’ ஒட்டவில்லை. நச்சரிப்பு, தொணதொணப்பு, அரித்தெடுப்பு எல்லாம் திரும்பத் திரும்ப நடப்பவை.

மூன்றாவது, மனிதருக்குப் பதில் ஒரு பொருளை எழுவாயாக வைப்பது. ‘அந்தச் சத்தம் எரிச்சலூட்டியது’ நன்றாக இருக்கிறது. ‘அந்தச் சத்தம் நச்சரித்தது’ என்பது கவிதைக்கு ஆகலாம். ‘அந்தச் சத்தம் நோகடித்தது’ எனக்கு எந்த வகையிலும் ஒப்பவில்லை. நோகடிக்க உறவு வேண்டும். நெருங்கியவர்தான் நோகடிக்க முடியும். முன்பின் தெரியாதவர் திட்டினால் கோபம் வரும், அவமானமாகவும் இருக்கும், ஆனால் ‘நோகடித்தார்’ என்று எழுதினால் அவருக்கு இல்லாத உரிமையைக் கொடுத்ததாகிவிடும்.

படி 4: ‘ஐ’யா, ‘கு’வா?

இது சுலபம். ‘படுத்து’ என்று முடிபவை ‘ஐ’ கேட்கும்: அவரைப் புண்படுத்தியது, அவரைக் கோபப்படுத்தியது. ‘அளி’, ‘ஊட்டு’, ‘கொடு’ என்று முடிபவற்றுக்குப் பொதுவாக ‘கு’: அவருக்கு ஏமாற்றமளித்தது, அவருக்கு எரிச்சலூட்டியது, அவருக்குத் தொல்லை கொடுத்தது. அவரை மகிழ்வித்தது, அவருக்கு மகிழ்ச்சியளித்தது என்ற ஜோடியை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

படி 5: பக்கத்து வீட்டுச் சொற்களிடம் கவனம்

அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ‘அவருக்கு ஏமாற்றமளித்தேன்’ என்றால் அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ‘அவரை ஏமாற்றினேன்’ என்றால் மோசடி. எழுத்தளவில் சின்ன வித்தியாசம், ஆனால் ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டால் போதும், இன்னொன்றுக்கு வழக்கே வரும்.

‘வருந்து’, ‘வருத்து’ இரண்டையும் பாருங்கள். தானே வருந்துவது தன்வினை. பிறரை வருத்துவது பிறவினை. மெல்லினம் வல்லினமாக மாறினால் வினை அடுத்தவர் மேல் பாய்கிறது. இலக்கணப்படி ‘அவளை வருத்தினான்’ சரிதான். ஆனால் இன்றைய வழக்கில் ‘வருத்து’ பெரும்பாலும் உடல் வருத்தத்துக்குப் போய்விட்டது: உடலை வருத்தி உழைத்தார், தன்னை வருத்திக்கொண்டார். மனத்துயரம் என்றால் ‘வருத்தப்படுத்தினான்’ என்பதே இன்று காதுக்கு இயல்பு.

‘அதிருப்தி’ அறிக்கைகளுக்கான சொல். உறுப்பினர்கள் அதிருப்தி அடையலாம். தம்பி அண்ணன்மேல் அதிருப்தி அடைந்தான் என்று எழுதினால் வீட்டுக்குள் கட்சிக் கூட்டம் நடப்பதுபோல் ஆகிவிடும். அங்கே ‘மனஸ்தாபம்’, ‘மனக்கசப்பு’ போன்றவை பொருந்தும்.

படி 6: ஒரு வாக்கியத்தில் முயன்று பாருங்கள்

இதை எடுத்துக்கொள்வோம்: ‘மேலாளர் சொன்ன பதில் ஊழியர்களை...’

‘கோபப்படுத்தியது’ என்று முடித்தால் அடுத்த வரியில் ஊழியர்கள் எழுந்து ஏதாவது பேசியாக வேண்டும். ‘புண்படுத்தியது’ என்றால் அவர்கள் பேசாமல் இருக்கைக்குத் திரும்பலாம். ‘முகம் சுளிக்க வைத்தது’ என்றால் பதிலில் ஏதோ அநாகரிகம் இருந்திருக்கிறது, அது என்ன என்று வாசகர் கேட்பார். ‘சிறுமைப்படுத்தியது’ என்றால் மேலாளர் மேலிருந்து கீழே பார்த்துப் பேசியிருக்கிறார். ஆக, அடுத்த வரியில் என்ன நடக்கப்போகிறதோ அதற்கு ஏற்ற சொல்லை இங்கே வையுங்கள்.

படி 7: மன்னிப்புக் கடிதத்தில்

கதை எழுதாதவர்களுக்கும் இது உதவும். ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்’ என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். ‘புண்படு’ தன்வினை. மனம் தானாகவே போய்ப் புண்பட்டுக்கொண்டதுபோல இருக்கிறது, எழுதியவர் அந்த இடத்திலேயே இல்லை. கூடவே ‘இருந்தால்’ என்ற சந்தேகம் வேறு. ‘உங்கள் மனதைப் புண்படுத்திவிட்டேன், மன்னித்துவிடுங்கள்’ என்று பிறவினையில் எழுதுங்கள். யார் செய்தது என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடும்.